பின் சஸ்பென்ஷன் முழுக்கக் கழற்றியாகிவிட்டது, ஒரே ஒரு போல்ட்டைத் தவிர

சாய்ந்தசக்கரம்

வண்டிக்கு 31 வயது. நான்கு கதவு, பின்சக்கர டிரைவ், பின்னால் செமி டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கி, கீல் போல மேலும் கீழும் ஆடும் சாய்ந்த கை). ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனி. ஆறு மாதமாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு 'டொக்', காலை எடுத்தால் இன்னொரு 'டொக்'. வளைவில் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தானாகவே கொஞ்சம் ஸ்டியரிங் பிடிப்பது போல இருக்கிறது. பின் டயர் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகிவிட்டன. வெளிப்பக்கம் பார்த்தால் போன மாதம் போட்ட டயர் மாதிரி இருக்கும்.

கீழே படுத்து, நெம்புகோலை ஆர்முக்கும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கும் நடுவில் கொடுத்து அசைத்தேன். ஆர்மின் கீலில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ், அதில் ரப்பர் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. சரி, இவ்வளவு தூரம் வந்தபின் புஷ்ஷை மட்டும் மாற்றுவானேன், எல்லாவற்றையும் இறக்கி, துரு எடுத்து, பெயின்ட் அடித்துப் போடலாம் என்று இறங்கிவிட்டேன்.

இடது பக்கம் ஷாக், ஸ்ப்ரிங், ஹாஃப் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் வந்துவிட்டன. ஆர்மைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளில் வெளிப்பக்கத்தது சமர்த்தாக வந்தது. உள்பக்க போல்ட்டின் நட்டும் எளிதாகக் கழன்றது. ஆனால் போல்ட் வரவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்புகிறது. கையை விட்டால் மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. இரண்டு மணி நேரம் சுத்தியலால் அடித்ததில் மரையின் முனை காளான் மாதிரி விரிந்ததுதான் மிச்சம். இன்னும் பெரிய சுத்தியல் வேண்டுமா?

துருக்கிழவர்

தம்பி, முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள்.

விட்டால் பழைய இடத்துக்கு வருகிறது என்றீர்களே, வியாதி அதிலேயே தெரிகிறது. போல்ட் பிராக்கெட்டில் பிடிக்கவில்லை, புஷ்ஷின் உள்குழாயில் பிடித்திருக்கிறது. ரப்பரின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். அதற்குள் போல்ட் போகிறது. முப்பது வருடம் தண்ணீர் இறங்கி, இரண்டுக்கும் நடுவிலிருந்த மயிரிழை இடைவெளியைத் துரு அடைத்துவிட்டது. இரும்பு துருவானால் பல மடங்கு உப்பும், போக இடமில்லை என்றால் இறுகும். இப்போது நீங்கள் போல்ட்டைத் திருப்பவில்லை. போல்ட், குழாய் இரண்டையும் சேர்த்து ரப்பரை முறுக்குகிறீர்கள். ரப்பர் திரும்பத் தள்ளுகிறது.

அடித்தாலும் அதே கதைதான். அடியை ரப்பர் வாங்கி விழுங்கிவிடும். மிச்சம் உள்ளது பிராக்கெட்டுக்குப் போய் அதை வளைக்கும். பிராக்கெட் வளைந்தால் சக்கரத்தின் கோணமே போச்சு.

கிரீஸ்கை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேஸ் டார்ச்சால் சிவக்கச் சுட்டால் ரப்பர் எரிந்து போகும், குழாய் தளரும், போல்ட் வந்துவிடும். நான் அப்படித்தான் எடுத்தேன்.

கணக்குப்பிள்ளை

கிரீஸ்கை அண்ணே, இது பின் சஸ்பென்ஷன். அந்தப் போல்ட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி என்ன இருக்கிறது? பெட்ரோல் டேங்க். பக்கத்திலேயே பெட்ரோல் பைப், பிரேக் பைப். தலைக்கு மேல் தரையின் அடியில் பூசிய தார். எரியும் ரப்பர் சொட்டு சொட்டாக முகத்தில் விழும். முன் சஸ்பென்ஷனில் செய்ததை இங்கே செய்யச் சொல்லாதீர்கள். கிரைண்டர் பொறியும் அதே கணக்குதான்.

தீ இல்லாத சூடு வேண்டுமென்றால் இன்டக்ஷன் ஹீட்டர் இருக்கிறது. சுருளைப் போல்ட் தலையில் மாட்டினால் அரை நிமிடத்தில் சிவக்கும். ஆனால் சூடு தலையில் இருக்கும். பிடிப்போ உள்ளே குழாயில் இருக்கிறது. நட்டு பிடித்திருந்தால் அருமையான கருவி, இந்த வியாதிக்குப் பாதி மருந்துதான்.

சாய்ந்தசக்கரம், இன்னொரு கேள்வி. கழற்றும் முன் ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரம் அளந்து வைத்தீர்களா?

சாய்ந்தசக்கரம்

இல்லை. அளக்க வேண்டும் என்பதே இப்போதுதான் தெரிகிறது. வண்டி நான்கு ஸ்டாண்டில் நிற்கிறது, இடது பக்கம் காலி.

இன்னொரு தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவும்போது ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைக்கவில்லை. போல்ட் வெளியே வந்த நொடியில் ஆர்ம் 'தொப்'பென்று இறங்கி, பிரேக் ஹோஸில் தொங்கி நின்றது. நல்லவேளை, கை கீழே இல்லை. ஹோஸில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. அதையே திரும்பப் போடலாமா?

அரைநூல்

போடாதீர்கள். ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. உள் அடுக்கு உரிந்து ஒரு மடல் போலத் தொங்கும். பிரேக் பிடித்தால் போகிற ஆயில், விட்டால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும், ஏனென்று புரியாமல் கலிப்பரை மாற்றுவீர்கள். அந்த வயது ஹோஸை எப்படியும் மாற்ற வேண்டியதுதான், இரண்டு பக்கமும்.

நீங்கள் செய்த தப்பை எல்லோரும் ஒரு தடவை செய்வார்கள். இந்த மாதிரி அமைப்பில் ஆர்ம் எவ்வளவு தூரம் கீழே இறங்கலாம் என்பதை நிறுத்துவது ஷாக்தான். வேறு ஸ்டாப்பர் கிடையாது. ஷாக்கைக் கழற்றியதும் ஸ்ப்ரிங் தன் பலத்தையெல்லாம் காட்டும். ஜாக்கி வைத்து, ஹோஸையும் ஹாஃப் ஷாஃப்டையும் முன்பே கழற்றிவிட்டு, மெதுவாக இறக்கினால், ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமலே அது கையோடு வரும். வலது பக்கத்துக்கு அப்படிச் செய்யுங்கள்.

பிரேக் பைப்பைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? பெடலை ஒரு அங்குலம் அமுக்கி, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து சீட்டோடு நிறுத்திவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் துளை மூடிக்கொள்ளும், பிரேக் ஆயில் டப்பா காலியாகாது. சொட்டிய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டை உரித்துவிடும்.

துருக்கிழவர்

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்குப்பிள்ளை கேட்டது சரியான கேள்விதான், ஆனால் ஸ்ப்ரிங்கை மாற்றுவதாக இருந்தால் பழைய அளவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தொய்ந்த ஸ்ப்ரிங்கின் உயரம் அது. புது ஸ்ப்ரிங் வேறு உயரத்தில் நிற்கும். எனவே அளக்கவில்லை என்று வருந்த வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை

ஸ்ப்ரிங் மாற்றுகிறார் என்று அவர் சொல்லவே இல்லையே ஐயா.

சாய்ந்தசக்கரம்

மாற்றுகிறேன். இடது ஸ்ப்ரிங்கின் கடைசிச் சுற்று ஒன்றரை அங்குலம் உடைந்து, ஆர்மின் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது. எத்தனை வருடமாகக் கிடந்ததோ தெரியவில்லை. மண்ணைத் தோண்டும்போது கையில் வந்தது.

துருக்கிழவர்

அப்படியென்றால் ஜோடியாக மாற்றுங்கள். போல்ட்டுக்கு ஒரே வழி அறுப்பதுதான். ரெசிப்ரோகேட்டிங் ரம்பம், நல்ல பைமெட்டல் பிளேடு, நுண்ணிய பல். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும். போல்ட் போனால் போகிறது, புது போல்ட் வாங்கலாம். பிராக்கெட்டை வாங்க முடியாது.

சாய்ந்தசக்கரம்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அறுத்தாயிற்று.

நடந்ததை அப்படியே சொல்கிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். குழாயின் முகம் பிராக்கெட்டை ஒட்டியே நிற்கிறது. பார்த்தால் பிளேடு நுழைய இடமே இல்லை. பழைய ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து ஆர்மை ஒரு பக்கம் தள்ளினேன். செத்த ரப்பர் என்பதால் இணங்கியது. பழைய பெயின்ட் உரிந்து ஒரு பளபளப்பான கோடு தெரிந்தது, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அதில் பிளேடை வைத்து, வேகத்தைக் குறைத்து, சொட்டு சொட்டாகக் கட்டிங் ஆயில் விட்டேன். முதல் பிளேடு வேகமாக ஓட்டியதில் நீலமாகி மழுங்கியது. இரண்டாவது பிளேடில், மெதுவாக, ஒரு வெட்டுக்கு இருபது நிமிடம். அறுந்த நொடியில் ஆர்ம் ஒரு சின்ன முனகலோடு தளர்ந்தது. இந்தத் தடவை ஜாக்கி இருந்தது.

வலது பக்கம் சுவாரசியமே இல்லை. இரண்டு போல்ட்டும் கையால் தள்ளியதும் வந்தன. அதே வண்டி, அதே வயது. ஏன் இப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

அரைநூல்

யாரோ ஒரு காலத்தில் வலது பக்கத்தைக் கழற்றி கிரீஸ் தடவிப் போட்டிருப்பார்கள். வேறு ரகசியம் இல்லை.

பழைய புஷ்ஷை வெளியே எடுக்கும் முன், அது எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ரப்பர் முழு வட்டமாக இராது, இரண்டு இடத்தில் பிறை வடிவில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். வெற்றிடம் இருக்கும் திசையில் மிருது, இல்லாத திசையில் விறைப்பு. அதைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டால் வண்டி நடப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். மார்க்கரால் குறித்தால் துரு எடுக்கும்போது அழிந்துவிடும். சென்டர் பஞ்ச் வைத்து ஆர்மில் இரண்டு புள்ளி அடியுங்கள்.

சாய்ந்தசக்கரம்

அடித்துவிட்டேன். நடு ரப்பரைச் சுற்றிலும் துளை போட்டு, உள்குழாயைப் பிதுக்கி எடுத்தேன். மிச்சமிருந்த வெளி இரும்பு ஓட்டினை உள்ளிருந்து ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் கீறினேன். முக்கால் ஆழம் வந்ததும் நிறுத்திவிட்டு, உளியால் விளிம்பை உள்ளே மடக்கினேன். ஓடு சுருண்டு கழன்று வந்தது. ஆர்மின் துளையில் ஒரு கீறல்கூட விழவில்லை, கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்போது கேள்வி: ரப்பரா, பாலியூரித்தேனா?

கிரீஸ்கை

பாலி! கையால் அமுக்கினால் போகும், பிரஸ் வேண்டாம், ஆயுசுக்கும் இருக்கும், வண்டியும் தண்டவாளத்தில் போவது மாதிரி போகும்.

துருக்கிழவர்

ஆயுசுக்கும் கீச்சிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

இரண்டு பேரும் பாதிப் பாதி சொல்கிறீர்கள்.

ரப்பர் புஷ் சுழல்வதே இல்லை. உள்குழாய், வெளி ஓடு இரண்டிலும் ரப்பர் ஒட்டியிருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுகித் திரும்புகிறது. தேய்மானம் கிடையாது, கிரீஸ் வேண்டாம். பாலி புஷ் உண்மையிலேயே குழாயின் மேல் சுழல்கிறது. அதனால்தான் கிரீஸ் தீர்ந்தால் கீச்சிடுகிறது. சிலிகான் கிரீஸ் போட வேண்டும்.

ஒரு ஆர்ம் ஒரே அச்சில், கதவுக் கீல் போல ஆடினால் பாலி ஒத்துக்கொள்ளும். இவர் வண்டியில் இரண்டு புஷ்ஷும் ஒரே அச்சில் இருக்கின்றன, எனவே தடை இல்லை. ஆனால் 1982-இல் மெர்சிடிஸ் 190 கொண்டு வந்த ஐந்து லிங்க் (ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஐந்து தனித்தனித் தண்டு) மாதிரி அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லிங்கும் சுழல்வதோடு கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்க வேண்டும். அங்கே விறைப்பான பாலி போட்டால் லிங்குகள் ஒன்றையொன்று மல்லுக்கட்டும், சஸ்பென்ஷன் இறுகிப்போகும், ஒரு நாள் பிராக்கெட்டில் விரிசல் விடும்.

தினமும் ஓட்டும் வண்டியா, ரப்பர். பந்தயமா, பாலி. என் ஓட்டு ரப்பருக்கு.

சாய்ந்தசக்கரம்

தினமும் ஓட்டும் வண்டிதான். ரப்பரே வாங்குகிறேன். புஷ்ஷை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கித் தானாகவே உள்ளே போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

கணக்குப்பிள்ளை

45 மி.மீ. விட்டமுள்ள இரும்பு ஓட்டினை 40 டிகிரி குளிர்வித்தால் 0.02 மி.மீ. சுருங்கும். அவ்வளவுதான். ஆர்மை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.04 மி.மீ. விரியும். இரண்டும் சேர்ந்தால் உதவி, ஆனால் 'தானாகப் போகும்' என்பது கதை. புஷ்ஷைக் கையில் எடுத்து ஆர்மில் வைப்பதற்குள் பாதிக் குளிர் போய்விடும். ஆர்மில் பெயின்ட் அடித்தபின் சூடு காட்டுவதும் நல்லதல்ல.

நீளமான உயர்பலப் போல்ட் ஒன்று, கனமான வாஷர்கள், ஓட்டின் விளிம்பில் மட்டும் உட்காரும் ஒரு வளையம். மரைக்கு நல்ல கிரீஸ் போட்டு இறுக்கிக்கொண்டே போனால் போதும். நடுக் குழாயில் வைத்துத் தள்ளினால் ரப்பர் கிழியும், வெளி ஓட்டில் வைத்துத்தான் தள்ள வேண்டும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் ரப்பரில் படக் கூடாது, ஊதிவிடும்.

சாய்ந்தசக்கரம்

துரு எடுத்து முடித்துவிட்டேன். இடது ஆர்மைப் பற்றி ஒரு பயம்.

ஸ்ப்ரிங் உட்காரும் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் துளை உண்டு போலிருக்கிறது. அது மண்ணால் அடைத்திருந்தது. உள்ளே மண்ணைத் தோண்டினால் ஈரமாகவே வந்தது, வண்டி மூன்று வாரமாக உள்ளேதான் நிற்கிறது. கம்பி பிரஷ் போட்டதும் துரு தகடு தகடாக உதிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் 'டிங்' என்றது, கிண்ணத்தின் பின்விளிம்பில் மட்டும் 'டப்'. அழுத்தினேன், முனை உள்ளே போய்விட்டது. துளை பச்சைப்பயறு அளவு. வெல்டு வைத்து அடைக்கலாமா?

துருக்கிழவர்

பயறு அளவு துளை என்றால் அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் தகடு காகிதமாகியிருக்கும். அது தகட்டை அழுத்தி, பெட்டி போல மடித்து ஒட்டிய ஆர்ம். ஸ்ப்ரிங்கின் முழு பாரமும் அந்தக் கிண்ணத்தில்தான் இறங்குகிறது. வெல்டு சூட்டில் பெட்டி வளைந்தால் சக்கரக் கோணத்தை எதை வைத்துச் சரிசெய்வீர்கள்? பல வண்டிகளில் பின்னால் அட்ஜஸ்ட்மென்டே கிடையாது. பழைய சாமான் பிரிப்பவரிடம் நல்ல ஆர்ம் தேடுங்கள். வாங்கும் முன் இதே இடத்தில் குத்திப் பாருங்கள்.

அரைநூல்

இதில் ஐயாவோடு ஒத்துப்போகிறேன். புஷ் எடுத்த பெருமையெல்லாம் போச்சே தம்பி!

சாய்ந்தசக்கரம்

போச்சு. வேறொரு இடது ஆர்ம் கிடைத்துவிட்டது. அதில் ஹப், பேரிங் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஹப்பை எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிக்கட்டுமா?

அரைநூல்

ஹப்பை உருவினால் பேரிங் செத்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள் ரேஸ் ஹப்போடு வந்துவிடும், குண்டுகள் இருந்த தடத்தில் பள்ளம் விழும். புது பேரிங் வாங்கியிருந்தால் எடுங்கள். இல்லையென்றால் டேப் சுற்றி மூடிவிட்டு பெயின்ட் அடியுங்கள். எடுப்பதாக இருந்தால் நடு நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்தியிருக்க வேண்டும். இப்போது தனி ஆர்மை வைத்துக்கொண்டு அந்த நட்டோடு மல்லாடுவது வீண்வேலை.

கிரீஸ்கை

பெயின்ட் எதற்கு? பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுங்கள், கண்ணாடி மாதிரி வரும். போல்ட்டையெல்லாம் ஆசிடில் போட்டு எடுத்து சிங்க் பிளேட்டிங் செய்யுங்கள், புது வண்டி மாதிரி இருக்கும்.

கணக்குப்பிள்ளை

அண்ணே, உங்களுக்கு என் மேல் என்ன கோபம், தினமும் எழுத வைக்கிறீர்கள்.

முதலில் பவுடர். அதை 180, 200 டிகிரியில் வேக வைப்பார்கள். ரப்பர், பேரிங், சீல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், போல்ட் இறுகும் முகங்கள். பவுடர் 60 முதல் 100 மைக்ரான் கனம் ஏறும். 80 மி.மீ. நீளமுள்ள 8.8 (தலையில் அச்சிட்டிருக்கும் பல எண்) போல்ட்டை முறையாக இறுக்கினால் அது ரப்பர் பேண்ட் போல நீளும். எவ்வளவு என்றால் 0.15 முதல் 0.2 மி.மீ. வரை. அந்த நீட்சிதான் பிடிப்பு. நடுவில் நாலு முகத்தில் 80 மைக்ரான் பவுடர் இருந்தால் மொத்தம் 0.32 மி.மீ. பிளாஸ்டிக். அது நாளாக ஆகப் பிதுங்கி, பாதி கனம் குறைந்தாலே போல்ட்டின் நீட்சி முழுவதும் போய்விடும். நட்டு ஒரு நூல்கூடத் திரும்பியிருக்காது, ஆனால் பிடிப்பு இருக்காது. எனவே பவுடரோ பெயின்டோ, போல்ட் உட்காரும் முகங்களை மூடிவிட்டு அடியுங்கள்.

அடுத்தது ஆசிட். 10.9 என்று தலையில் அச்சிட்ட போல்ட், ஸ்ப்ரிங், இரண்டையும் ஆசிடில் போடாதீர்கள். கடினமான இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நொறுங்கும் தன்மை வந்துவிடும். இறுக்கி வைத்த மறுநாள் தலை தனியாகக் கீழே கிடக்கும். பிளேட்டிங் செய்கிறவர்கள் உடனே 200 டிகிரி வாக்கில் பல மணி நேரம் சுட்டு அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். வீட்டில் செய்கிறவர்களுக்கு அது ஞாபகமே வராது. புது போல்ட் வாங்குங்கள். அதே எண், அதே நீளம், மரை இல்லாத தண்டும் அதே நீளம். பளபளப்பாக இருக்கிறதென்று ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள். சாதாரண ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும், 8.8 போல்ட் 640 வரை தாங்கும்.

கிரீஸ்கை

கோபமெல்லாம் இல்லை. நீங்கள் எழுதினால் எனக்கும் கற்றுக்கொள்ள முடிகிறது, அதனால்தான். போன தடவை பவுடர் கோட் செய்த என் வண்டியில் ஏன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போல்ட் இறுக்க வேண்டியிருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

சாய்ந்தசக்கரம்

எபாக்ஸி பிரைமர், மேலே கறுப்பு. முகங்களை மூடி அடித்தேன். ஆர்மின் உள்ளே கேவிட்டி மெழுகு விட்டு, வடிகால் துளையைக் கம்பி விட்டுத் திறந்து வைத்தேன். புது புஷ்ஷுகளைப் பஞ்ச் புள்ளி பார்த்து ஏற்றினேன் (மாற்று ஆர்மில் புள்ளி இல்லை, பழைய ஆர்மைப் பக்கத்தில் வைத்து அளந்து குறித்தேன்). இரண்டாவது புஷ் ஒரு மில்லிமீட்டர் கோணலாக நுழைந்தது, உடனே நிறுத்தி வெளியே தள்ளி மறுபடி ஆரம்பித்தேன். போல்ட் தண்டிலும் குழாய்க்குள்ளும் ஆன்டி சீஸ் தடவினேன், மரையில் படாமல். எனக்குப் பின்னால் வருகிறவன் என்னைத் திட்டக் கூடாது.

இப்போது ஆர்ம் தொங்குகிறது. டார்க் ரெஞ்ச் கையில். இறுக்கிவிடட்டுமா?

அரைநூல்

நிறுத்துங்கள்!

துருக்கிழவர்

இறுக்காதீர்கள் தம்பி. நான் என் முதல் வண்டியில் இதைச் செய்து, புது புஷ்ஷை எட்டே மாதத்தில் கிழித்தவன்.

ரப்பர் முறுகித்தான் வேலை செய்கிறது என்று மேலே கணக்குப்பிள்ளை எழுதியிருக்கிறார் பாருங்கள். போல்ட்டை இறுக்கிய நொடியில் உள்குழாய் பிராக்கெட்டில் உறைந்துவிடும். ரப்பருக்கு அதுதான் 'ஓய்வு நிலை'. ஆர்ம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுகியே நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுகும். ராத்திரி வண்டி சும்மா நிற்கும்போதும் அது வலித்துக்கொண்டேதான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

பிவட்டிலிருந்து, அதாவது ஆர்ம் ஆடும் அச்சிலிருந்து, சக்கரம் 400 மி.மீ. தள்ளி, தொங்கல் 100 மி.மீ. என்று வையுங்கள். 14 டிகிரி முறுக்கு, ஓய்வு நேரத்திலேயே.

அரைநூல்

எனவே போல்ட்டுகள் கையிறுக்கத்தில் இருக்கட்டும், ஆர்ம் தாராளமாக ஆட வேண்டும். ஸ்ப்ரிங், ஷாக், ஹாஃப் ஷாஃப்ட் எல்லாம் மாட்டுங்கள். ஹாஃப் ஷாஃப்ட் போல்ட் தலைகளின் குழிவில் அடைந்த மண்ணை ஊசியால் எடுத்துவிட்டுச் சாவி போடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். பிரேக்கில் காற்று எடுங்கள். சக்கரம் மாட்டி, ஒவ்வொரு டயருக்கும் அடியில் கனமான மரக்கட்டை அடுக்கி, அதன் மேல் வண்டியை இறக்குங்கள். பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு ஆர்மை முழுக்க உட்கார விடாது; வண்டியை அரையடி முன்னும் பின்னும் உருட்டினால் உட்காரும். கட்டை அதற்குத் தக்க நீளமாக இருக்கட்டும். பிறகு முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கீழே போய் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். ஷாக்கின் கீழ் புஷ்ஷும் அப்படித்தான்.

சாய்ந்தசக்கரம்

அப்படியே செய்தேன். அமுக்கியபோது இறங்கவில்லை, உருட்டியபோதுதான் 'கிர்ர்' என்று ஒரு சத்தத்தோடு பின்பக்கம் இரண்டு விரல் இறங்கியது. உருட்டாமல் இறுக்கியிருந்தால் அந்த இரண்டு விரலும் ரப்பருக்குள் போயிருக்கும்.

இருபது கிலோமீட்டர் ஓட்டினேன். 'டொக்' இல்லை. வளைவில் காலை எடுத்தேன், பின்பக்கம் தன் பாட்டுக்கு வருகிறது. திரும்பி வந்து போல்ட்டுகளைச் சரிபார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. மறுநாள் அலைன்மென்ட். பின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) இரண்டு பக்கமும் கம்பெனி அளவுக்குள். கேம்பர் (பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) முன்பு கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்திருந்தது, இப்போது அதுவும் அளவுக்குள். ஹேண்ட்பிரேக் மட்டும் இரண்டு பல் அதிகம் ஏறுகிறது, கேபிளை இன்னும் இழுக்க வேண்டும்.

ஒரே ஒரு உறுத்தல். சமதரையில் நிறுத்தி, ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன், இந்தத் தடவை மறக்கவில்லை. வலது பக்கம் 5 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. இரண்டும் புது ஸ்ப்ரிங். மாற்று ஆர்ம் ஏதாவது வளைந்ததாக இருக்குமா? மறுபடி கழற்ற வேண்டுமா என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

துருக்கிழவர்

மாற்று ஆர்ம் இடது பக்கம். தாழ்ந்திருப்பது வலது. ஸ்ப்ரிங் முனை அடி ரப்பரின் படியில் சரியாக முட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சாய்ந்தசக்கரம்

பார்த்தேன், முட்டி நிற்கிறது. இரண்டு பக்கமும்.

கணக்குப்பிள்ளை

அளந்தபோது டிக்கியில் என்ன இருந்தது?

சாய்ந்தசக்கரம்

டூல் பாக்ஸ், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, பழைய ஸ்ப்ரிங் இரண்டு. எல்லாம் வலது மூலையில்.

இறக்கிவிட்டு, உருட்டி, மறுபடி அளந்தேன். 1 மி.மீ.